லினக்ஸ்ல எந்த கேமுக்கு எந்த கிராபிக்ஸ் கார்டு? நாமளே முடிவு பண்ணலாம் வாங்க

வேளச்சேரியில மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்குற வீடு நம்மளது, மே மாசம் ராத்திரி பதினோரு மணிக்கும் செவுரு சுடும். அந்த சூட்டுல சூப்பர்டக்ஸ்கார்ட் மாதிரி குட்டி கேம் போட்டாலும் லேப்டாப் ஃபேன் மிக்ஸி மாதிரி கத்துச்சு, ஏன்னு பாத்தா அந்த கேமும் என்விடியா கார்டுல தான் ஓடிட்டு இருந்துருக்கு. லேப்டாப்ல ப்ராசசரோடவே வர்ற சின்ன இன்டெல் கார்டே அதுக்கு போதுங்க, தனியா இருக்குற பெரிய என்விடியா கார்டு தேவையே இல்ல.

மொதல்ல உங்க மெஷின்ல ரெண்டு கார்டு இருக்கான்னு பாருங்க. டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ அடிச்சு, வர்ற லிஸ்ட்ல விஜிஏ, 3டி கன்ட்ரோலர்னு வர்ற வரிய தேடுங்க. இன்டெல் ஒண்ணு, என்விடியாவோ ஏஎம்டியோ இன்னொண்ணுன்னு வந்தா இந்த பதிவு உங்களுக்கு தான், ஒரே கார்டுன்னா போய் கேம் ஆடுங்க. (கமாண்ட் பேரெல்லாம் தமிழ்ல எழுதியிருக்கேன், நீங்க இங்கிலீஷ்ல அடிங்க.)

என்விடியான்னா கம்பெனி டிரைவர் போட்டிருக்கணும். 2019ல வந்த 435 வெர்ஷன்ல இருந்து தான் ஒரு கேமை மட்டும் பெரிய கார்டுக்கு அனுப்புற வசதி வந்துச்சு, அதுக்கு முன்னாடி பம்பிள்பீன்னு ஒரு சாஃப்ட்வேர் வெச்சு மாரடிச்சோம். உபுண்டுன்னா பிரைம்-செலக்ட்ங்கற கமாண்ட்ல ஆன்-டிமாண்ட் (அதாவது கேட்டா மட்டும் பெரிய கார்டு) வெச்சிட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிடுங்க.

இப்ப ஸ்டீம் (கேம் வாங்கி ஓட்டுற ஆப்) தொறந்து கேம் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஜெனரல், அதுல லாஞ்ச் ஆப்ஷன்ஸ்னு ஒரு கட்டம் இருக்கும். என்விடியாக்காரங்க அதுல பிரைம்-ரன் %கமாண்ட்% போடுங்க. ஏஎம்டின்னா டிஆர்ஐ_பிரைம்=1 %கமாண்ட்%, இதுல டிஆர்ஐ_பிரைம் மட்டும் கேப்பிடல், ஈக்குவலுக்கு முன்னாடி பின்னாடி ஸ்பேஸ் விடாதீங்க.

அந்த %கமாண்ட்% ரொம்ப முக்கியம். நான் அத விட்டுட்டு பிரைம்-ரன்ன மட்டும் போட்டு ஒரு ராத்திரி முழுக்க 18 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு 18 படம் தான்) ஆடி, டிரைவர் தான் போச்சுன்னு அழிச்சு திரும்பப் போட்டு, கடைசில பாத்தா ஸ்டீம் அத கேமுக்கு தர்ற எக்ஸ்ட்ரா வார்த்தையா நெனச்சு கேம்கிட்டயே குடுத்துருக்கு. கேம் அத கண்டுக்கவே இல்ல.

அடுத்தது தான் நெறைய பேரு மாட்டிக்கிற எடம். ஸ்டீம் ஐகான கிளிக் பண்ணா என்ன செய்யணும்னு சொல்ற டெஸ்க்டாப் ஃபைல்லயே "பெரிய கார்டுல தொற"ன்னு ஒரு வரி இருக்கு, ப்ரிஃபர்ஸ்நான்டிஃபால்ட்ஜிபியு=ட்ரூன்னு. அதனால க்னோம் டெஸ்க்டாப்ல ஐகான கிளிக் பண்ணா ஸ்டீமே பெரிய கார்டுல ஏறிக்கும், அதுக்குள்ள இருந்து ஓட்டுற குட்டி கேமும் கூடவே ஏறிக்கும். எங்க வீட்டு மிக்ஸி சத்தத்துக்கு இது தான் காரணம். டெர்மினல்ல ஸ்டீம்னு அடிச்சு தொறந்தா இந்த தொல்லை இல்ல. ஐகான் தான் வேணும்னா அந்த ஃபைல உங்க ஹோம் ஃபோல்டர்ல .லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ்ல காப்பி பண்ணி, அந்த காப்பில ட்ரூவ ஃபால்ஸ்னு மாத்துங்க. ஒரிஜினல்ல கை வெக்காதீங்க, அடுத்த அப்டேட்ல நீங்க மாத்துனது அழிஞ்சிடும்.

ஸ்டீம் இல்லாத கேம்னா க்னோம்ல ஐகான் மேல ரைட் கிளிக் பண்ணா டிஸ்க்ரீட் (அதாவது பெரிய) கிராபிக்ஸ் கார்டுல தொறக்குற ஆப்ஷன் வரும். கேம்களை மேனேஜ் பண்ற லூட்ரிஸ் ஆப்ல ஒவ்வொரு கேமோட சிஸ்டம் ஆப்ஷன்ஸ்லயும் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) தேர்வு பண்ற எடம் இருக்கு.

நெசமாவே மாறிச்சான்னு பாக்க, கேம் ஓடுறப்ப இன்னொரு டெர்மினல்ல என்விடியா-எஸ்எம்ஐ அடிங்க, கீழ லிஸ்ட்ல கேம் பேரு வந்தா பெரிய கார்டுல ஓடுது. ஆனா சும்மா சும்மா அடிக்காதீங்க, தூங்குற கார்ட அந்த கமாண்டே எழுப்பி விட்டுடும். எல்லாம் சரியா வெச்சும் ஃபேன் அடங்கலயா, எச்டிஎம்ஐ ஒயர புடுங்கிப் பாருங்க. நெறைய லேப்டாப்ல அந்த போர்ட் நேரா என்விடியாவுல தான் கோத்திருக்கும், டிவில மாட்டி வெச்சிருக்குற வரைக்கும் அந்த கார்டு தூங்கவே தூங்காது.