தினமும் தியானம்: பழக்கமாக்குவது எப்படி?

“நேரம் கிடைக்கும்போது உட்காரலாம்” என்று விட்டால் அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. எந்த முறை சிறந்தது என்ற ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். எந்த வேலையை முடித்த கையோடு உட்காரப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

படி 1: ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு சேருங்கள்

“காலை 6.30” என்று வைத்தால், ஒரு நாள் தாமதமாக எழுந்தாலே அன்றைய தியானம் போச்சு. “பல் துலக்கி முகம் துடைத்ததும்” என்று வைத்தால் எப்போது எழுந்தாலும் பொருந்தும். போனைத் தொடுவதற்கு முன்பே உட்கார்ந்துவிடுங்கள். ஒரு மெசேஜ் பார்த்தாலும் மனம் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும். மாலைதான் வசதி என்றால், வேலை முடிந்து உடை மாற்றியதும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரமாவது போகட்டும். இல்லையென்றால் தூக்கம்தான் வரும்.

படி 2: முதல் இரண்டு வாரம் 5 நிமிடம் மட்டும்

நன்றாக இருக்கிறதே என்று மூன்றாம் நாளே 20 நிமிடத்துக்குத் தாவ வேண்டாம். வேலை அதிகமான நாளில் 20 நிமிடம் கிடைக்காது, “நாளைக்குப் பார்க்கலாம்” என்று முழுசாகவே விட்டுவிடுவீர்கள். பிறகு வாரத்துக்கு 2 நிமிடமாகக் கூட்டுங்கள். மெல்லிய ஒலியில் டைமர் வையுங்கள், போனை ஏர்பிளேன் மோடில் போட்டுக் கவிழ்த்துவிடுங்கள். டைமர் இல்லாவிட்டால் பாதிக் கவனம் கடிகாரத்தில்தான் இருக்கும்.

படி 3: உட்காரும் விதம்

சம்மணம் கட்டாயமில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் முன்பக்கமாக நகர்ந்து, பாதம் முழுவதும் தரையில் படும்படி வையுங்கள். தரையில் உட்கார்ந்தால் மடித்த போர்வையை இடுப்புக்கு அடியில் மட்டும் வையுங்கள்; முழங்கால் இடுப்பைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். முழங்கால் தூக்கி நின்றால் இடுப்பு பின்னால் சரியும், முதுகு கூன் போடும், சில நிமிடத்தில் வலிக்கும். போர்வையை இன்னொரு மடிப்பு மடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள், காலை மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: மூச்சை எண்ணுங்கள்

மூச்சை இழுக்கவோ அடக்கவோ வேண்டாம், தானாக நடக்கட்டும். ஒவ்வொரு முறை வெளிவிடும்போதும் ஒன்று, இரண்டு என்று 10 வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து. நடுவில் மின் கட்டணம் ஞாபகம் வரும். எண்ணிக்கை 17, 18 என்று தன்பாட்டுக்கு ஓடியிருக்கும். கவனித்தவுடன் ஒன்றுக்குத் திரும்புங்கள். எண்ணம் வருவதைத் தோல்வி என்று நினைப்பவர்கள்தான் சீக்கிரம் நிறுத்துகிறார்கள். உண்மையில், அப்படித் திரும்புவதுதான் பயிற்சியே.

கண் சொக்கினால் இமையைப் பாதி திறந்து, ஒரு மீட்டர் தள்ளித் தரையைப் பாருங்கள். தினமும் சொக்கினால், இரவுத் தூக்கம் போதாமல் இருக்கலாம்.

பதற்றமோ பழைய துயர நினைவுகளோ பெருகினால் கண்ணைத் திறந்து எழுந்துவிடுங்கள். அது தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடருங்கள்.

ஒரு நாள் தவறினால்?

ஒரு செயல் தானியங்கிப் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனதாக லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே விட்டுப்போன 5 நிமிடத்தை மறுநாள் சேர்த்து 10 ஆக்க வேண்டாம். வழக்கம்போல் 5 நிமிடமே உட்காருங்கள்.