கூலண்ட் குறைகிறதா? ஆறிய எஞ்சினில் தேடுங்கள்

கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது, தரையில் ஈரமே இல்லை என்றால், இரவெல்லாம் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே, ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் பிரஷர் டெஸ்டர் (அழுத்தம் காட்டும் முள்ளுள்ள கைப்பம்ப்) மாட்டுங்கள். அந்த மூடியில் பொறித்த அழுத்தம் வரை மட்டும் (1.1 என்றிருந்தால் 1.1 பார்) பம்ப் அடித்து 15 நிமிடம் விடுங்கள். சூடான எஞ்சினில் சிறு கசிவு உடனே ஆவியாகிவிடும். ஆறியதில் சொட்டாக நிற்கும். ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி இணைப்பு, வாட்டர் பம்பின் அடித்துளை, இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். ஹோஸ் வெடிக்காமல் முனையில் மட்டும் கசிந்தால் புதுக் கிளாம்ப் போதும். பம்ப் துளையில் சொட்டினால் பம்பையே மாற்றுங்கள். கசிவை அடைக்கும் மருந்தை ஊற்றிக்கொண்டு குன்னூர் மலை ஏற வேண்டாம். நம் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீரையும் ஊற்றாதீர்கள், ரேடியேட்டரில் படிந்து அடைத்துவிடும்.

டெஸ்டர் முள் இறங்கியும் வெளியே ஈரமில்லையா? இந்த முறை இடத்தைக் காட்டாது. முன்சீட்டுக் கார்பெட் நனைந்திருந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) கசிகிறது. இல்லையேல் ஹெட் கேஸ்கட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.