ரிஜெக்ஷன் பெட்டி அருகே பத்து நிமிடம்

திருவொற்றியூரில் ஒரு சிறிய மெஷின் ஷாப்பில் தரக்கட்டுப்பாடு என் பொறுப்பு. மேலாளர்களுக்கு இரண்டு நாள் தரப் பயிற்சி கொடுத்தோம், சான்றிதழும் வழங்கினோம். ஒரே மாதத்தில் பழைய கதை: எந்தப் புகார் வந்தாலும் காரணம் என்ற கட்டத்தில் "ஆபரேட்டர் கவனக்குறைவு". எனக்கு அது பொறுக்கவில்லை. தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 9001:2015-இன் 7.2 பிரிவு பயிற்சியின் பலனையும் மதிப்பிடச் சொல்கிறது. நாங்கள் வருகைப் பதிவோடு நிறுத்தியிருந்தோம்.

மறுபடி வகுப்பு வைக்கவில்லை. காலை ஷிஃப்ட் தொடங்கும்போது அன்றைய மேலாளர், தேறாத பீஸ்களைப் போடும் ரிஜெக்ஷன் பெட்டியிலிருந்து ஒரே ஒரு பீஸை எடுத்து, டொயோட்டாக்காரர்கள் பழக்கிய ஐந்து "ஏன்"களை, மூல காரணம் தெரியும்வரை ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி "ஏன்" என்று, தொழிலாளர்களிடம் கேட்க வேண்டும். "கவனக்குறைவு" என்று எழுதக் கூடாது. நான் வாய் திறக்க மாட்டேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

இரண்டாம் வாரம், பின் (pin) என்ற கம்பி நுழையாத புஷ் (bush) ஒன்று, அதாவது நடுவில் துளையுள்ள உருளை பீஸ். துளை சிறிது. ஏன் பாஸ் ஆனது? துளைக்குள் நுழைத்து அளவு சரிபார்க்கும் கோ கேஜ் தேய்ந்து மெலிந்திருந்தது, அதனால் சிறிய துளையிலும் நுழைந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? "கடல்காத்துல துரு புடிக்குது சார், எமரி போட்டுத் தேய்ச்சுத்தான் வெக்கிறோம். போன மாசமே சொன்னேனே" என்றார் மூத்த ஆபரேட்டர் அண்ணன்.

மேலாளர் முகம் மாறிவிட்டது. அன்றே புது கேஜுக்கு ஆர்டர் போட்டார். எண்ணெய் தடவி மூடி வைக்கப் பெட்டியும் வந்தது. இப்போது நான் விடுப்பில் இருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் நடக்கிறது.