ஃப்ளைட் சிமுலேட்டருக்கு கம்ப்யூட்டர் வாங்குவது எப்படி? கொட்டேஷன் முதல் எர்த் கம்பி வரை

நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய் "கேமிங் பிசி வேணும்" என்றால் கொட்டேஷன் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: லைட் எரியும் கேபினெட், பெரிய கிராபிக்ஸ் கார்டு, அதற்குக் காசு போனதால் சுமாரான ஒரு பிராசசர், ஒற்றை 16 ஜிபி ராம், பெயர் கேள்விப்படாத பவர் சப்ளை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்கு இது போதும். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் (எம்எஸ்எஃப்எஸ்) 2024, எக்ஸ்-பிளேன் 12 போன்ற, விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர்களுக்குப் போதாது. அவை பிராசசரின் ஒரே ஒரு த்ரெட்டையும் (ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலை வரிசை), கேஷையும் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி), கிராபிக்ஸ் கார்டின் மெமரியையும்தான் பிழிந்தெடுக்கும். நம் மாவட்டத்தில் இதோடு கரண்டும் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் கீழே உள்ள வரிசையிலேயே முடிவெடுங்கள். கிராபிக்ஸ் கார்டிலிருந்து தொடங்காதீர்கள்.

படி 1: எந்த சிமுலேட்டர்?

இதை உங்கள் வீட்டு இன்டர்நெட்தான் தீர்மானிக்கும். எம்எஸ்எஃப்எஸ் 2024 வட்டில் 50 ஜிபி இடம்தான் கேட்கிறது. மீதி நிலக்காட்சியெல்லாம் பறக்கும்போதே நெட்டில் வந்து இறங்கும். குறைந்தபட்சம் 10 எம்பிபிஎஸ், நன்றாக ஓட 50 எம்பிபிஎஸ் என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் கணக்கு. ஃபைபர் இணைப்பு இருந்தால் கவலையில்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருந்தால் மலைகள் மெழுகு உருகியதுபோலத் தெரியும், டேட்டாவும் பாதி நாளில் தீர்ந்துவிடும்.

பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் நெட் சரியில்லாத வீடுகளுக்கு எக்ஸ்-பிளேன் 12 நல்லது. அதன் காட்சிகள் முழுக்க உங்கள் வட்டிலேயே இருக்கும். ஃபைபர் உள்ள சொந்தக்காரர் வீட்டில் இறக்கி, அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி செய்துகொண்டும் வரலாம். காசு போடுமுன் இந்தப் பொழுதுபோக்கு நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க, இலவசமாகக் கிடைக்கும் ஃப்ளைட்கியரைப் பழைய கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

படி 2: மானிட்டர்

27 இன்ச், 1440பி (2560×1440 புள்ளிகள்) வாங்குங்கள். 4கே-யில் 1080பி-யைப்போல நான்கு மடங்கு புள்ளிகள். அவ்வளவையும் வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டு. அடாப்டிவ் சிங்க் (படம் வரும் வேகத்துக்கேற்ப மானிட்டரும் மாறிக்கொள்வது) வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சிமுலேட்டரில் நொடிக்கு 35 முதல் 45 ஃபிரேம் (படம்) நிலையாக வந்தாலே பறப்பது இதமாக இருக்கும். 240 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குக் கூடுதல் காசு கொடுப்பது இங்கே வீண்.

படி 3: பிராசசர்

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். விமானத்தின் இயக்கம், காக்பிட் கருவிகள், சுற்றிப் பறக்கும் மற்ற விமானங்கள், எந்தக் கட்டடத்தை எப்போது வரைவது என்ற கணக்கு எனப் பெரும்பகுதி வேலை 'மெயின் த்ரெட்' என்ற ஒரே வரிசையில் நிற்கிறது. கல்யாண வீட்டில் சமையலுக்கு எட்டுப் பேர் நின்றாலும் அவியலுக்கு உப்புப் போடுவது ஒருவர்தானே, அதே கதை. 16 கோர் (கணக்குப் போடும் தனித்தனி மூளை) உள்ள பிராசசர் வாங்கினால் பெரும்பாலான கோர்கள் சும்மா கிடக்கும்.

வேண்டியது ஒரு கோரின் வேகமும் பெரிய எல்3 கேஷும். ஏஎம்டி நிறுவனத்தின் பிராசசர்களில் பெயர் 'எக்ஸ்3டி' என்று முடிபவை இதற்கென்றே செய்ததுபோல அமைந்தவை. ரைசன் 5 7600-இல் எல்3 கேஷ் 32 எம்பி. ரைசன் 7 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி இரண்டிலும் 96 எம்பி. கேஷில் இல்லாத தகவலுக்காக பிராசசர் ராம் வரை போய்க் காத்திருக்கும்போதுதான் திரை 'விக்' என்று நின்று நகர்கிறது. பெரிய ஏர்போர்ட்டில் இறங்கும் கடைசி நிமிடத்தில் வரும் திக்கல் பெரும்பாலும் இதுதான்.

கை இறுக்கமாக இருந்தால் ரைசன் 5 7600-உடன் தொடங்குங்கள், அது உட்காருவது ஏஎம்5 சாக்கெட் உள்ள மதர்போர்டில். பிறகு பிராசசரை மட்டும் மாற்றினால் போதும். ஏற்கெனவே பழைய ஏஎம்4 வகை பி450, பி550 போர்டு வைத்திருப்பவர்கள் ரைசன் 7 5700எக்ஸ்3டி கையில் கிடைத்தால் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு அதையே போட்டுக்கொள்ளலாம், முழு செட்டும் மாற்ற வேண்டாம். பழைய இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 யாராவது மலிவாகத் தந்தால் யோசித்து வாங்குங்கள். அதிக வோல்டேஜால் அவை கெட்டுப்போகும் பிரச்சினைக்கு 2024-இல்தான் மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் நிரல்) திருத்தம் வந்தது. அதற்கு முன்பே பாதிக்கப்பட்ட சிப்பை எந்த பயாஸ் அப்டேட்டும் சரிசெய்யாது.

கூலருக்கு இரட்டை டவர் ஏர் கூலர் போதும். தண்ணீர் கூலர் அழகுக்குத்தான். அதன் பம்ப் நின்றுபோனால் மாற்று வரும்வரை கம்ப்யூட்டர் மூலையில் கிடக்கும்.

படி 4: கிராபிக்ஸ் கார்டு

முதலில் மெமரியைப் பாருங்கள், அப்புறம் பெயரைப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகையில் வருகின்றன. கொட்டேஷனில் ஜிபி எழுதவில்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். 8 ஜிபி கார்டில் முதல் அரை மணி நேரம் ஒரு குறையும் தெரியாது. இரண்டு மணி நேரம் பறந்து மும்பையில் இறங்கும்போது மெமரி நிரம்பி, 40 ஃபிரேம் ஐந்தாறுக்குச் சரியும். செட்டிங்ஸைக் குறைத்தாலும் உடனே மீளாது. 1440பி-க்கு 12 ஜிபி குறைந்த அளவு, 16 ஜிபி நிம்மதி.

லேப்டாப் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு. மேசைக் கம்ப்யூட்டரின் ஆர்டிஎக்ஸ் 5070-இல் 12 ஜிபி, லேப்டாப் 5070-இல் 8 ஜிபி.

துபாயிலிருந்தோ தமாமிலிருந்தோ லீவுக்கு வருகிற அண்ணனிடம் கார்டு வாங்கிவரச் சொல்வது நம் ஊரில் வழக்கம். சொல்வதற்கு முன், அந்த பிராண்டின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று பாருங்கள். பல பிராண்டுகளுக்கு வாரண்டி வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். இங்கே வாங்கினாலும், கெட்டுப்போனால் பொருள் எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்குப் போகும் என்பதைக் கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ராம், எஸ்எஸ்டி

ராம் 32 ஜிபி, 16 ஜிபி ஸ்டிக் இரண்டாக. "இப்போ ஒண்ணு போடுங்க, அப்புறம் ஒண்ணு சேத்துக்கலாம்" என்ற யோசனையை ஏற்காதீர்கள். ஒற்றை ஸ்டிக்கில் பிராசசருக்குப் போகும் பாதை பாதியாகிறது. ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ராம், வேகம் 6000, தாமதம் சிஎல்30 என்பது பொருத்தமானது. நான்கு ஸ்டிக் போட்டால் வேகம் இறங்கிவிடும். எஸ்எஸ்டி (வேகமான வட்டு) 1 டிபி என்விஎம்இ, ஜென் 4 வகை போதும்.

படி 6: கரண்ட்

பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ-க்கு 650 வாட், 5070-க்கு 750 வாட், 5070 டிஐ-க்கு 850 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து யுபிஎஸ். கடையில் கையில் எடுத்துக் கொடுக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். கணக்குப் போடுங்கள்: பறக்கும்போது பிராசசர் 80, கார்டு 250, போர்டும் ஃபேன்களும் 50, மானிட்டர் 40, மொத்தம் 420 வாட். கரண்ட் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. போன அந்த நொடியில் யுபிஎஸ் கத்திவிட்டு எல்லாம் அணையும். 600 வாட்டாவது தரும் 1000 அல்லது 1100 விஏ யுபிஎஸ் வேண்டும். அதுவும் சில நிமிடங்கள்தான் தாங்கும், பறப்பை சேவ் செய்து அணைக்க அது போதும்.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் யுபிஎஸ் கரண்ட் இருக்கும்போதே பேட்டரிக்கு மாறி மாறிப் போகும், பேட்டரி ஒரே வருடத்தில் போய்விடும். ஏவிஆர் (வோல்டேஜைத் தானே சீராக்கும் வசதி) உள்ளதாகவும், இன்புட் ரேஞ்ச் 140 வோல்ட் வரை இறங்குவதாகவும் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும், பின்பக்க ஸ்விட்ச் 'யுபிஎஸ்' மோடில் இருக்க வேண்டும். மற்ற மோடில் மாறும் நேரம் அதிகம். பவர் சப்ளை தாக்குப்பிடிப்பது சுமார் 17 மில்லிசெகண்ட்தான், அதற்குள் மாறாவிட்டால் ரீஸ்டார்ட்.

எர்த்திங்கை ஒருமுறை சோதித்தே ஆக வேண்டும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் மண்ணின் உப்பு எர்த் பைப்பையும் கிளாம்பையும் அரித்துவிடும். சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், எர்த் மட்டும் இருக்காது. எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்துவிட்டுத்தான் கம்ப்யூட்டரைச் செருக வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்றால் காரணம் அனேகமாக இதுதான்.

ஐப்பசி இடியிலும், சித்திரை வைகாசிக் கோடைமழை இடியிலும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. ஃபைபர் மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது, மோடத்தின் அடாப்டர் வழியாக வரும்.

படி 7: உப்பு

காற்றில் வரும் உப்புத்தூள் போர்டில் படியும். ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தூள் காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். ராம் தொடர்புகளில் கறை, பின்பக்க யுஎஸ்பி துளைகளில் துரு, ஸ்க்ரூ தலையில் பச்சை எல்லாம் அப்படி வருவதுதான். கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே கேபினெட்டை வைக்காதீர்கள். முன்னால் ஃபில்டர் உள்ள கேபினெட்டில் காற்றை உள்ளே இழுக்க இரண்டு ஃபேன், வெளியே தள்ள ஒன்று வையுங்கள். உள்ளே வருவது அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியே தூசி புகாது. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அணைத்துப் போடுவதுதான் கெடுதல். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடினால் உள்ளே இருக்கும் சூடே ஈரத்தை விரட்டிவிடும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் உப்பைவிடக் காற்றோடு வரும் மண்ணே பெரிய தொந்தரவு. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தட்டுங்கள். ராம் தொடர்பை அழிரப்பரால் தேய்ப்பது பழைய வைத்தியம், தங்கப் பூச்சும் சேர்ந்து தேயும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி மேல்.

ஜாய்ஸ்டிக்கிலும் இதே பிரச்சினை. பொட்டென்ஷியோமீட்டர் (உரசித் தேயும் சென்சார்) வைத்தவற்றில் நாளடைவில் விமானம் தானாக ஒரு பக்கம் நடுங்கும். தேய்மானமில்லாத ஹால் சென்சார் உள்ளது நம் ஊருக்கு நல்லது. தொடக்கத்துக்கு, கைப்பிடியைத் திருகினால் ரடர் (வால் சுக்கான்) திரும்பும் ஜாய்ஸ்டிக் ஒன்று போதும். யோக் (விமான ஸ்டீயரிங்), பெடல் எல்லாம் ஆறு மாதம் கழித்து.

படி 8: பூட்டியதும் பார்க்க வேண்டியவை

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ராம் ஸ்டிக்குகள் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். மானிட்டர் வயர் கிராபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. கார்டுக்குப் போவது 16 பின் கனெக்டராக இருந்தால் அது இடைவெளி தெரியாமல் முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும், வாயருகிலேயே வயரை மடக்கக் கூடாது. அரைகுறையாகச் செருகினால் அந்த இடம் சூடாகி உருகும். ஏஎம்5-இல் முதல் ஸ்டார்ட்டில் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். ராமைப் பழக்கிக்கொள்கிறது, பதறி அணைக்காதீர்கள். பிறகு பயாஸில் எக்ஸ்போ-வை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 6000-க்குக் காசு கொடுத்த ராம் 4800-இலோ 5200-இலோ ஓடும்.

இனி பறந்து பாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பி விழிஞ்ஞம், குளச்சல், முட்டம் வழியே கன்னியாகுமரி வரை கரையோரமாகப் பறப்பது கண்ணுக்குச் சுகம், ஆனால் அது சோதனை ஆகாது. கடலும் தென்னந்தோப்பும் கம்ப்யூட்டருக்கு லேசான சுமை. லண்டன் ஹீத்ரோவில் ஒரு பெரிய ஜெட்டை மேகமூட்டத்தில் இறக்கிப் பாருங்கள்.

எம்எஸ்எஃப்எஸ்-இல் டெவலப்பர் மோடை ஆன் செய்தால் மேலே ஒரு மெனு வரும். அதில் எஃப்பிஎஸ் காட்டும் கட்டத்தைத் திறந்தால் 'லிமிடெட் பை' என்று ஒரு வரி இருக்கும். அங்கே மெயின் த்ரெட் என்று வந்தால் டெரைன் லெவல் ஆஃப் டீட்டெயிலை (நிலக்காட்சியின் நுணுக்க அளவு) 200-லிருந்து 100-க்கு இறக்குங்கள், சுற்றியுள்ள விமானப் போக்குவரத்தைக் குறையுங்கள். ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) என்று வந்தால் மேகத்தின் தரத்தை ஒரு படி இறக்குங்கள், டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர்-ஐ (சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) 'குவாலிட்டி'யில் வையுங்கள். டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட் ஜிபியு மெமரி விளிம்பைத் தொட்டு நின்றால் முதலில் டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) தரத்தைக் குறைக்க வேண்டும். எக்ஸ்-பிளேனிலும் ஃபிரேம் ரேட் காட்டும் வரியில் சிபியு நேரம், ஜிபியு நேரம் தனித்தனியாகத் தெரியும். எது அதிகமோ அந்தப் பக்கம்தான் குறைக்க வேண்டும். எல்லா ஸ்லைடரையும் ஒரேயடியாக இறக்கினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஒன்றை மாற்றி, அதே ஓடுபாதையில், அதே வானிலையில் மறுபடி இறங்கிப் பாருங்கள்.