ஐஸுக்குக் கீழே கமரா: எப்படி இறக்குவது, எப்போது நிறுத்துவது

ரொறன்ரோவில் இருந்து சிம்கோ ஏரிக்கு ஐஸ் மீன்பிடிக்கப் போகும் நம்மவர்களுக்குள் ஒவ்வொரு வின்ரரும் இந்த வாக்குவாதம் வரும். ஐஸில் போட்ட துளைக்குள் கமராவை விட்டு, திரையில் மீனைப் பார்த்துப் பார்த்துப் பிடித்தால் அது மீன்பிடியா என்று ஒருவர் கேட்பார், பாரைக்கோலும் தங்கூசியும் மட்டும் வைத்துக்கொண்டா எல்லாரும் பிடிக்கிறார்கள் என்று இன்னொருவர் திருப்பிக் கேட்பார். என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன். கமரா இருக்கட்டும். ஆனால் அது எந்த மீனைத் தூக்குவது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுக்கத்தான். ஏரி முழுக்கத் துளை போட்டுக் கூட்டத்தைத் தேடிப் பிடித்து வழித்துக்கொண்டு போவதற்கு அல்ல.

முதலில் இடம். 1990களில் சிம்கோவுக்குள் ஸீப்ரா மட்டிகள் வந்த பிறகு, அவை தண்ணீரை வடிகட்டி வடிகட்டித் தெளிய வைத்துவிட்டன. ஏரிக்கு அது நல்லதா என்பது வேறு கதை, கமராவுக்கு மட்டும் அது வசதி. தெற்கே குக்ஸ் பே பக்கம் ஆழம் குறைவு, பாசி அதிகம், பேர்ச் மீன் நிறைய, பழகுவதற்கு அதுதான் சரியான இடம். கலங்கல் ஆற்றில் பிடிப்பவர் என்றால் கமரா வாங்கவே வேண்டாம், திரையில் சாம்பல் நிறம்தான் தெரியும்.

ஐஸ் குறைந்தது 15 செ.மீ. தடிப்பு இல்லாவிட்டால் கமராவும் வேண்டாம், மீனும் வேண்டாம், வீட்டில் இருங்கள்.

சரி, இறக்கும் முறை. ஒரே துளையில் தூண்டிலையும் கமராவையும் விடக்கூடாது, மீன் கொளுவியதும் தங்கூசி கேபிளைச் சுற்றிக்கொள்ளும், பிறகு இரண்டும் போகும். ஒரு மீட்டர் அளவு தள்ளி இரண்டாவது துளை போடுங்கள். கமராவை அடி வரைக்கும் விட்டு, உடனே ஒரு அடி உயர்த்துங்கள். அடியில் முட்டினால் சேறு கிளம்பும், அது அடங்கும் வரை ஒன்றும் தெரியாது, அந்த நேரத்தில் பொறுமையில்லாமல் கேபிளை ஆட்டினால் இன்னும் கிளம்பும். பிறகு கேபிளை விரல்களுக்கிடையில் மெல்ல மெல்ல முறுக்கித் திருப்புங்கள், உங்கள் இரை திரைக்குள் வரும். வந்ததும் துளைக்குக் குறுக்கே ஒரு தடியை வைத்து, அதில் கேபிளைக் கட்டிவிடுங்கள். வெயில் கமராவுக்குப் பின்பக்கம் இருந்தால் படம் தெளிவு.

துளை மாறும்போது கமராவை ஐஸ் மேல் போட்டு வைக்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தண்ணீர் உறைந்து மூடிவிடும். உறைந்தால் சுரண்ட வேண்டாம், திரும்பத் தண்ணிக்குள் விட்டால் தானே கரையும். பற்றரி குளிரில் சீக்கிரம் இறங்கும், பையில் துணி சுற்றி வையுங்கள்.

இப்போதுதான் கமராவின் உண்மையான பயன் தொடங்குகிறது. பேர்ச் இரையைக் கடிக்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள், பார்த்தால் தெரியும், அது உறிஞ்சுகிறது. இரைக்கு முன்னால் வந்து அசையாமல் நிற்கும், செவுள் ஒருக்கால் விரியும், இரை காணாமல் போகும், அடுத்த கணமே துப்பிவிடும். மேலே தூண்டில் தடியின் நுனி அசைந்ததாகவே தெரியாது. "இண்டைக்கு மீன் இல்லை" என்று சொல்லிக்கொண்டு நாள் முழுக்கக் குளிரில் இருக்கிற ஆளுக்குக் கீழே இத்தனையும் நடந்துகொண்டிருக்கும். செவுள் விரியும் கணத்தில் மெதுவாகத் தூக்கப் பழகுங்கள். அதே சமயம் தடியின் நுனியையும் கவனியுங்கள், அந்தச் சின்ன மாற்றம் கைக்குப் பிடிபட்டதும் கமராவை மேலே எடுத்துவிட்டும் பிடிக்கலாம்.

அடியில் ஒட்டிக்கொண்டு, கல்லோடு கல்லாகக் கிடந்து இரையைத் தட்டிப் பறிக்கிற சின்ன மீன் கண்ணில் பட்டால் அது ரவுண்ட் கோபி, வெளியில் இருந்து வந்து குடியேறிய இனம். இரையை ஒரு முழம் உயர்த்துங்கள், தொல்லை குறையும்.

பொடி பேர்ச் வந்தால் இரையை மேலே இழுத்துவிடுங்கள். பெரியது வந்தாலும் ஒரு நிமிடம் பாருங்கள், முக்கியமாக மார்ச்சில். பேர்ச் இனத்தில் பெரிய உருப்படிகள் பெரும்பாலும் பெட்டைகள், வசந்தத்தில் முட்டையிட வேண்டியவை, வயிறு உருண்டு தொங்குவது திரையிலேயே தெரியும். அதை விட்டுவிட்டு நடுத்தர மீனைத் தூக்குங்கள். கமரா இல்லாதவருக்கு இந்தத் தெரிவு கிடையாது, மேலே வந்த பிறகுதான் என்ன மீன் என்றே தெரியும். நான் கமராவுக்குப் பரிந்து பேசுவது இதற்காகத்தான்.

ஆழத்தில் இது இன்னும் முக்கியம். பத்து மீட்டருக்குக் கீழே இருந்து பேர்ச்சை இழுத்தால் அதன் காற்றுப்பை ஊதிப் பெருக்கும், கண் பிதுங்கும், சிலவேளை இரைப்பை வாய்க்குள் வந்துவிடும். லேக் றவுட் காற்றை வாயால் வெளியே விட்டுவிடும், பேர்ச்சால் முடியாது. அதனால் "பிடித்துவிட்டு விட்டுவிடுவேன்" என்பது அந்த ஆழத்தில் செல்லாது. வேண்டாத மீனைக் கீழேயே விடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். அநேகமான கமராக்களில் விளக்கு இருக்கிறது. ஒன்ராறியோவில் செயற்கை வெளிச்சத்தால் மீனைக் கூட்டிப் பிடிப்பது, சில விலக்குகள் தவிர, சட்டப்படி தடை. விளக்கை நிறுத்தி வையுங்கள், பகலில் அது தேவையும் இல்லை. முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிப்பதற்கு எதிராகக் கரையோரத் தொழிலாளர்கள் ஏன் வீதிக்கு இறங்கினார்கள் என்பது நமக்குத் தெரியும். கூட்டத்தையே இழுத்து அள்ளுகிறவன் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் அடுத்த வருடத்துக்கும் ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. அங்கே அது வயிற்றுப்பாடு, இங்கே பொழுதுபோக்கு, அப்படியென்றால் இங்கே இன்னும் கவனமாக அல்லவா இருக்க வேண்டும்?

எல்லை போடுவது பந்தயக்காரர்களிடமே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் பாஸ் ப்ரோ டூர் என்ற மீன்பிடிப் பந்தயத் தொடர் 2025இல், முன்னால் இருக்கும் மீனை நேரடியாகக் காட்டும் சோனாரை ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் பயன்படுத்தலாம் என்று விதித்தது. சோனார் தூரத்தில் தேடுகிற கருவி, கமரா சில மீட்டர்தான் பார்க்கும், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் நாமும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். சிம்கோவில் முழு லைசென்ஸுக்குப் பேர்ச் 50, குறைவாகப் பிடிப்பவர்களுக்கான கொன்சர்வேஷன் லைசென்ஸுக்கு 25. அது உச்சவரம்பு, எட்டியே ஆக வேண்டிய எண் அல்ல. வீட்டில் பொரித்துச் சாப்பிட எத்தனை போதும் என்று காரில் வரும்போதே பேசி முடிவெடுங்கள், அந்த எண்ணிக்கை வந்ததும் தூண்டிலைச் சுருட்டுங்கள். பிள்ளைகள் கூட வந்திருந்தால் கமராவை மட்டும் உள்ளே விட்டு வையுங்கள், தூண்டில் இல்லாமலே அவர்கள் திரையை விட்டு எழும்ப மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேபிளை ஈரத்துணியால் துடைத்து, அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகும் முன் நன்றாகக் காய விடுங்கள். ஸீப்ரா மட்டியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை, ஈரத்தில் தங்கிப் பயணம் செய்யும். சுருட்டும்போது இறுக்கி முறுக்காமல் பெரிய வளையமாகச் சுற்றுங்கள், உள்ளே கம்பி அறுந்தால் கேபிள் முழுவதையும் மாற்ற வேண்டி வரும்.