குந்தி உட்கார்ந்து ஏலக்காய் எடுப்பவர்களுக்கு

கம்பம், போடியிலிருந்து ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம் தடவிப் பாருங்கள். உருண்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித்தான் பாதத்தை மேலே தூக்கவைக்கும் நரம்பு ஓடுகிறது. தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான் அதற்குக் காவல்.

ஏலம் தூரில் காய்ப்பதால் மணிக்கணக்கில் குந்த வேண்டியிருக்கும். நரம்பு நசுங்கினால் மூளை அனுப்பும் கட்டளை அங்கேயே நின்றுவிடும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து காலை நீட்டுங்கள். சின்ன முக்காலி கிடைத்தால் இன்னும் நல்லது.

எழுந்த சில நிமிடத்தில் மரமரப்பு போய்விட்டால் பயமில்லை. குதிகாலில் நின்று முன்பாதத்தைத் தூக்க முடியவில்லை, நடக்கையில் செருப்பு கழன்று விழுகிறது என்றால் கதை வேறு. வாயு என்று எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.