பர்லாங்கைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

இருபத்தேழு வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். "மெயின் ரோட்டுக்கு வடக்கே 2 பர்லாங்கு தூரத்தில்" என்று பழைய கிரயப் பத்திரங்களில் வரும். கேட்டவர்களிடமெல்லாம் "ஃபார் என்றால் தூரம், லாங் என்றால் நீளம், சேர்த்தால் பர்லாங்கு" என்று தெம்பாக விளக்கம் சொல்லிவந்தேன். போன வருடம் பேத்தி ஓர் ஆங்கில அகராதியை விரித்து என் முன்னால் வைத்தாள். அத்தனை வருடமும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்றிலிருந்து பழைய சொல் எதுவானாலும் இன்றைய உச்சரிப்பை நம்புவதில்லை. முதல் வேலை, அகராதியில் அந்தச் சொல்லின் மிகப் பழைய வடிவத்தைத் தேடுவது. பொருளுக்குக் கீழேயோ மேலேயோ பொடி எழுத்தில் இருக்கும், நாம் தாண்டிப் போய்விடுவோம். பர்லாங்குக்கு அங்கே 'ஃபுர்லாங்' என்று கிடைக்கும். பழைய ஆங்கிலத்தில் 'ஃபுர்ஹ்' என்றால் உழவுச்சால், 'லாங்' என்றால் நீளம். ஆக, பர்லாங்கு என்பது சால் நீளம். ஏர் ஒரு மூச்சில் இழுத்துப்போகும் சாலின் நீளம்.

பலர் இதோடு அகராதியை மூடிவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. சால் ஏன் அவ்வளவு நீளம்? ஒரு பர்லாங்கு 220 கெஜம், அதாவது 660 அடி. என் நடைக்கு 270 எட்டு. நம் வயலில் அவ்வளவு தூரம் ஒரே போக்காக யார் உழுகிறார்கள்?

சொல்லை அது பிறந்த மண்ணில் வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஈரம் பிடித்த கனத்த களிமண். அதைக் கீறினால் போதாது, புரட்டிப் போட வேண்டும். அதற்குப் பெரிய கலப்பை வேண்டும். வில்லியம் அரசர் உத்தரவில் 1086-ல் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கில் ஓர் ஏர் என்றால் எட்டு மாடு. நமக்கு ஓர் ஏர் என்றால் இரண்டு மாடு. வாலைத் தொட்டு ஒரு சத்தம் கொடுத்தால் நின்ற இடத்தில் திரும்பிவிடும். எட்டு மாட்டை, ஜோடி ஜோடியாக ஒன்றின் பின் ஒன்றாகப் பூட்டியதை, வயல் கோடியில் திருப்பிப் பாருங்கள்! திருப்புகிற தொல்லையைக் குறைக்க, வயலை நாடா மாதிரி நீளமாகவும் ஒடுக்கமாகவும் பிரித்துக்கொண்டார்கள். சில ஊர்களில் அந்தப் பழைய சால் வரிகள் புல்வெளிக்கு அடியில் மேடும் பள்ளமுமாக இன்றும் தெரிகின்றன. கோடி நெருங்கும்போதே மாடுகளை ஒதுக்கித் திருப்பத் தொடங்கியதால் வரிகள் லேசாக வளைந்திருக்கும். நாட்டிங்ஹாம்ஷயரில் லாக்ஸ்டன் என்ற ஊரில் ஊரார் பெரிய வயலை நாடா நாடாவாகப் பங்கிட்டு உழும் அந்தப் பொது வயல் முறையே இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

அடுத்து, பக்கத்து அளவுகளோடு பொருத்திப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. அவர்களுடைய அளவுகோல் பதினாறரை அடி. நாற்பது கோல் நீளம் ஒரு பர்லாங்கு. அதே நீளத்தில் நான்கு கோல் அகலம் எடுத்தால் ஒரு ஏக்கர், ஒரு நாள் உழவு என்று கணக்கு. நான்கு கோல் என்றால் 22 கெஜம், நம் பையன்கள் ஸ்டம்பு நடுகிற கிரிக்கெட் பிட்ச்சின் நீளம். 1620 வாக்கில் எட்மண்ட் கண்டர் என்பவர் அதே 22 கெஜத்தை நூறு கண்ணியுள்ள சங்கிலியாக்கினார். பத்து சங்கிலி ஒரு பர்லாங்கு. ஒரு சங்கிலி அகலம், பத்து சங்கிலி நீளம் ஒரு ஏக்கர். அதை நூறாகப் பிரித்தால் 435.6 சதுர அடி, நான் தினமும் எழுதிய சென்ட். அந்த .6 எங்கிருந்து வந்தது என்று அத்தனை வருடம் ஒரு நாளும் யோசித்ததில்லை.

மைலும் இதில் மாட்டிக்கொண்டது. 5000 அடி மைலும் புழக்கத்தில் இருந்த இங்கிலாந்தில், எலிசபெத் ராணி காலத்து 1593 சட்டம் எட்டு பர்லாங்கு ஒரு மைல் என்று வைத்தது. எட்டு 660, ஆக 5280. அந்த விசித்திர எண் இப்படி வந்ததுதான்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஆங்கில நில ஆவணம் படிக்கிறவர்கள் பர்லாங்கைக் கண்டதும் 220 கெஜம் என்று போட்டுவிட வேண்டாம். ஒரே திசையில் உழப்பட்ட நாடா வயல்களின் தொகுப்புக்கும் அதே பெயர்தான். முன்னால் எண் இருந்தால் பெரும்பாலும் தூரம். ஊர்ப்பெயர் மாதிரி ஒரு பெயர் ஒட்டியிருந்தால் வயல் தொகுப்பு.

இதே முறையில் அடுத்து ஏக்கரை நீங்களே எடுத்துப் பாருங்கள். பழைய வடிவம் 'அக்கெர்', பொருள் வெறும் வயல், அளவே கிடையாது. அளவு என்ற பொருள் பின்னால் ஏறியது. ஜெர்மன் 'அக்கர்', லத்தீன் 'அகெர்', சமஸ்கிருத 'அஜ்ர' எல்லாம் அதன் பங்காளிகள். போகிற வழியில் யாராவது "ஏரிலிருந்து வந்ததுதான் ஏக்கர்" என்பார்கள். என் 'ஃபார் லாங்' கதையைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.